காணியை ஈடு வைத்துப் பிஎச்டி படிக்கலாமா?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கிளிநொச்சிப் பக்கம் ஒரு கமக்காரக் குடும்பம். மகள் அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் படித்து இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் சித்தியடைந்திருக்கிறார். பிரித்தானியாவில் ஒரு பல்கலைக்கழகம் பிஎச்டிக்கு இடம் கொடுத்திருக்கிறது. கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் சொந்தப் பணத்தில். முதலாண்டுக்கு வயல் காணியை ஈடு வைத்துச் சமாளித்தால் போதும், மிச்சத்தை அங்கே வேலை செய்து பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்சிக்காரர். "எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு வழி உண்டா? இல்லை, பிஎச்டி என்பதே காசுள்ளவர்களுடைய படிப்பா?"

தங்கச்சி, காணியை ஈடு வைக்க வேண்டாம். அந்த இடத்தைச் சொந்தப் பணத்தில் ஏற்கவும் வேண்டாம். ஏன் என்று கணக்குப் போட்டாலே தெரியும். பிரித்தானியாவில் வெளிநாட்டு மாணவருக்கு விஞ்ஞானத் துறையில் பிஎச்டிக் கட்டணம் ஆண்டுக்கு 20,000 பவுண்ஸுக்குக் கீழே கிடைப்பது அரிது. மாணவர் விசாவில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ஸ் ஆனது. அந்தக் கணக்கில் ஒரு கிழமை கூட விடாமல் 52 கிழமையும் உழைத்தாலும் ஆண்டுக்கு 12,700 பவுண்ஸைத் தொடாது. கட்டணத்துக்கே காணாது. அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் அதற்கு வெளியே. ஏஜென்சிக்காரர் இந்தக் கணக்கை ஏன் சொல்லவில்லை என்றால், அவருடைய கமிஷன் கட்டணம் கட்டும் மாணவரிடமிருந்துதான் வருகிறது. சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கும் இடத்தில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. அப்படி இடங்கள் இருப்பதை அவர் வாயால் நீங்கள் கேட்கப்போவதில்லை.

இனி இரண்டாவது கேள்வி. நானும் மாங்குளத்துப் பிள்ளைதான். இப்போது ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் நீரியல் ஆய்வுக் குழுவில் இருக்கிறேன், பிஎச்டிக்கு ஆள் எடுக்கும் குழுவிலும் உட்காருகிறேன். அந்தப் பக்கமிருந்து பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பிஎச்டியைப் 'படிப்பு' என்றே நினைக்கிறோம். படிப்பென்றால் காசு கட்டுவதுதானே என்று மனம் தானாகவே போய்விடுகிறது. உண்மையில் அது வேலை. மண் மாதிரி எடுப்பது, ஆய்வுகூடக் கருவியைக் கழுவிப் பொருத்துவது, இளநிலை மாணவருக்குச் செய்முறை வகுப்பு எடுப்பது, பேராசிரியர் வாங்கிய ஆய்வு நிதிக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பது என்று மூன்று நான்கு வருடம் போகும். வருகிற கட்டுரையில் பல்கலைக்கழகத்தின் பெயரும் சேர்ந்தே வரும். நெதர்லாந்திலும் நோர்வே, சுவீடன், டென்மார்க்கிலும் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு பிஎச்டி ஆட்களில் பெரும்பாலானோரைத் தொழில் ஒப்பந்தம் எழுதி ஊழியராகவே எடுக்கிறார்கள். நெதர்லாந்தில் 2024 செப்டெம்பரில் வந்த ஒப்பந்தப்படி முதல் வருடச் சம்பளம் வரிக்கு முன் மாதம் 2,900 யூரோ அளவாக இருந்தது. கட்டணம் கிடையாது, லீவு உண்டு, ஓய்வூதியத்துக்கும் கழிவு போகும்.

ஜேர்மனியிலும் ஒப்பந்தம்தான், ஆனால் அதில் ஒரு கள்ளம் இருக்கிறது. ஒரே சம்பளத் தரத்துக்குள் 50 வீதம், 65 வீதம், 75 வீதம், 100 வீதம் என்று பங்கு பிரித்து எடுப்பார்கள். முழுப் பதவிக்கு 2025இல் ஆரம்பச் சம்பளம் மாதம் 4,600 யூரோவுக்கு மேல், அரைப் பதவிக்கு 2,300 சொச்சம், இரண்டும் வரிக்கு முன். அரைப் பதவி என்றால் அரை நாள் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வேலை முழு நாள்தான், கூலிதான் அரை. கணினித் துறைக்காரர் முழுப் பதவியில் இருக்க, அதே கட்டடத்தில் வரலாறு படிப்பவர் பாதியில் இருப்பது அங்கே சர்வசாதாரணம். விளம்பரத்தைப் படிக்கும்போது அந்த வீதத்தைத் தேடிப் பாருங்கள்.

பிரித்தானியாவில் நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. அரச ஆய்வு நிதியில் எடுக்கப்படும் மாணவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 2025-26க்கு ஆண்டுக்கு 20,780 பவுண்ஸ், வரி இல்லை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அங்கே குறைந்தபட்சக் கூலிக்குக் கிழமைக்கு 37 அரை மணித்தியாலம் கடையில் நிற்பவர், வரியெல்லாம் போகக் கையில் எடுப்பதும் அநேகமாக அதே தொகைதான். பட்டம் முடித்து ஆராய்ச்சி செய்யும் ஒருவரை அந்த நாடு எங்கே வைத்திருக்கிறது என்று அதிலேயே தெரிகிறது. 2021இல் இருந்துதான் வெளிநாட்டு மாணவருக்கும் இந்த நிதி முழுமையாகத் திறந்தது. அதுவும் எடுக்கப்படும் ஒவ்வொரு மாணவர் தொகுதியிலும் 30 வீதம் வரைதான். ஆகவே போட்டி கடுமை.

இந்தத் தொகைகள் எதுவும் தானாக ஏறவில்லை என்பதையும் தெரிந்து வையுங்கள். 2022 நவம்பரில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள், பெரும்பாலும் ஆய்வு மாணவரும் உதவிக் கற்பித்தல் செய்பவர்களும். ஆறு கிழமை அளவில் இழுத்த பிறகு, உதவிக் கற்பித்தல் செய்வோரின் அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 24,000 டொலர் அளவிலிருந்து 2024 இறுதிக்குள் 34,000 அளவுக்கு ஏற ஒப்பந்தமானது. இந்தியாவிலும் ஆய்வு மாணவர்கள் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகுதான் இளநிலை ஆய்வு உதவித்தொகை 31,000 ரூபாவிலிருந்து 37,000க்குப் போனது, 2023 ஜனவரியில் இருந்து. ஆகவே 'சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் பேராசிரியர் தப்பாக நினைப்பாரோ' என்று நீங்கள் கூச வேண்டியதில்லை. அங்குள்ளவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். உயர்தரம் முடிந்து கம்பஸ் போகும்போது எங்களுக்கு ஒரு கைத்தடி இருந்தது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று இடம் ஒதுக்குகிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. ரியூசனுக்குப் பதினைந்து கிலோமீற்றர் சைக்கிள் மிதித்த பிள்ளையையும் கொழும்பில் வீட்டுக்கே ஆசிரியர் வந்துபோன பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்தக்கூடாது என்று அரசாங்கமே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. பிஎச்டி வாசலில் அப்படி ஒன்றும் இல்லை. அங்கே 'இலங்கை மாணவர்' என்று ஒரே பெட்டிதான்.

மாவட்டக் கோட்டாவும் முழுக் கதையைப் பார்ப்பதில்லை, அதையும் சொல்ல வேண்டும். அது மாவட்டத்தைப் பார்க்கும், வீட்டைப் பார்க்காது. கிளிநொச்சி டவுனில் தாயும் தகப்பனும் ஆசிரியராக இருக்கும் வீடும், மலையாளபுரத்தில் கூலிக்குப் போகும் வீடும் அதற்கு ஒன்று. மலையகத்திலிருந்து கலவரங்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு இன்னும் காணிப் பத்திரமே கையில் இல்லை. ஈடு வைப்பதா வேண்டாமா என்று யோசிக்கவாவது உங்களுக்கு ஒரு காணி இருக்கிறது. அவர்களுக்கு அந்தக் கேள்வியே எழாது. அப்புறம் வன்னியில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் எழுதாத இன்னொரு பிரிவு: கனடாவிலோ லண்டனிலோ சுவிஸிலோ ஒரு சித்தப்பா இருக்கும் வீடு, இல்லாத வீடு. என்னோடு படித்தவர்களில் மேற்படிப்புக்கு வெளியே போனவர்களை எண்ணிப் பார்த்தால், புள்ளியைவிட இந்தச் சித்தப்பாதான் முடிவு செய்திருக்கிறார். சம்பளத்தோடு இடம் கிடைத்தவர்களுக்கும் அவர் தேவைப்பட்டார். ஏன் தெரியுமா?

முதல் சம்பளம் வருவதற்கு முன்னமே செலவு தொடங்கிவிடும். ஆங்கிலப் பரீட்சைக் கட்டணம். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நூறு டொலர் அளவில் கட்டணம். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா, அதே வருடம் மே மாதம் 360 ரூபா. மார்ச்சில் 20,000 ரூபா சேர்த்து வைத்திருந்த பிள்ளைக்கு மேயில் ஒரு விண்ணப்பம்கூடப் போட முடியாமல் போனது. பிரித்தானியா என்றால் இன்னும் மோசம். மாணவர் விசாவுக்கு 2025இல் 524 பவுண்ஸ், அதற்கு மேல் சுகாதார வரியாக வருடத்துக்கு 776 பவுண்ஸ், இதை எல்லா வருடத்துக்கும் சேர்த்து விசா விண்ணப்பத்தோடே கட்ட வேண்டும். நான்கு வருடத்துக்கு 3,104 பவுண்ஸ். எங்கள் காசில் 12 இலட்சத்தைத் தாண்டும். பிறகு விமானச் சீட்டு, அறைக்கு முற்பணம், குளிர் உடுப்பு, முதல் மாதச் சாப்பாடு. பல பல்கலைக்கழகங்கள் 'ரசீதைத் தாருங்கள், திருப்பித் தருகிறோம்' என்று பெருந்தன்மையாகச் சொல்லும். ரசீது வாங்கவே முதலில் காசு வேண்டுமே என்பது அந்த அலுவலகத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. கடன் அட்டை இல்லாத வீட்டில் அவர்களில் யாரும் வளர்ந்ததில்லை.

இது எங்களுக்கு மட்டும் உரிய குறையும் இல்லை. அமெரிக்கப் பேராசிரியர்களைப் பற்றி 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, பொதுமக்களோடு ஒப்பிட்டால் அவர்களின் பெற்றோரில் ஒருவர் பிஎச்டி முடித்தவராக இருக்கும் வாய்ப்பு 25 மடங்கு வரை அதிகம் என்று காட்டியது. பணக்கார நாட்டிலேயே அந்த வேலை தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. அப்படி வளர்ந்தவர்கள்தான் தெரிவுக் குழுவில் உட்கார்ந்து உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கிறார்கள். கெட்டவர்கள் இல்லை. ஆனால் சில விஷயம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு விண்ணப்பத்தைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் காட்டாமல். வவுனியாப் பக்கத்துப் பிள்ளை, நல்ல புள்ளிகள். பட்டம் முடித்து இரண்டு வருடம் ஆய்வு அனுபவம் என்று ஒன்றும் போடவில்லை. கடைசி வரியில் 'பட்டதாரிப் பயிலுனர், பிரதேச செயலகம்' என்று மட்டும் இருந்தது. குழுவில் ஒருவர், "இந்த இரண்டு வருடம் இவர் துறையை விட்டு விலகிவிட்டார் போல" என்றார். 2020இல் அரசாங்கம் மாதம் 20,000 ரூபா கொடுத்துப் பட்டதாரிகளைச் சேர்த்த திட்டம் அது, வீட்டில் யாராவது ஒருவர் மாத முடிவில் காசு கொண்டுவர வேண்டிய குடும்பங்களின் பிள்ளைகள் அதை விட்டுவிட முடியாது என்று நான் விளக்கினேன். நேர்முகத்தில் கேட்டபோது அந்தப் பிள்ளை ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவாகப் போய்க் கிணறுகளைப் பதிந்து, எது கோடையில் வற்றும், எதில் தண்ணீர் உவர்க்கும் என்று எக்செல்லில் அட்டவணை போட்டது தெரிய வந்தது. எங்கள் துறையில் கள ஆய்வு என்பதே அதுதான்! பணக்கார வீட்டுப் பிள்ளை இதே வேலையைச் சம்பளமில்லாமல் ஒரு பேராசிரியரிடம் மூன்று மாதம் செய்திருந்தால் 'ஆய்வு உதவியாளர், நிலத்தடி நீர்த் தரவு சேகரிப்பு' என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும்.

ஆகவே உங்கள் விண்ணப்பத்தில் பதவிப் பெயரை எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். செய்ததை எழுதுங்கள். அப்பாவோடு வயலில் நின்றதுகூட உங்கள் துறையில் பெறுமதியானதுதான்: இரணைமடு வாய்க்கால் தண்ணீர் முறை எப்படிப் பங்கிடப்படுகிறது, சிறுபோகத்துக்கு ஏன் எல்லாருக்கும் விதைக்க அனுமதி கிடைப்பதில்லை என்பதெல்லாம் பாசன ஆய்வுக்காரர்கள் விமானம் ஏறி வந்து கேட்டு எழுதும் விஷயம். இடையில் வருட இடைவெளி இருந்தால் ஒரு வரியில் காரணத்தைச் சொல்லுங்கள். துயரக் கதையாக எழுத வேண்டாம். முள்ளிவாய்க்கால் வரை போய் வந்த குடும்பம் என்பதை எழுதுவதா விடுவதா என்பது உங்கள் விருப்பம். இரக்கத்துக்காக எழுதத் தேவையில்லை, மறைக்கவும் தேவையில்லை.

எந்த நாட்டுக்கு முதலில் போடுவது? இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நெதர்லாந்து, ஜேர்மனி, நோர்வே போன்ற நாடுகளில் சம்பளம் நல்லது, விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் இல்லை, ஆனால் பொதுவாக முதுமாணிப் பட்டம் கேட்பார்கள். உங்கள் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேரே பிஎச்டிக்குப் போகக் கூடியவை அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து. அவுஸ்திரேலியாவில் அரச ஆய்வுப் பயிற்சி உதவித்தொகையின் அடிப்படை 2025இல் ஆண்டுக்கு 33,511 அவுஸ்திரேலிய டொலர். நியூசிலாந்தில் வெளிநாட்டுப் பிஎச்டி மாணவரும் உள்நாட்டு மாணவர் கட்டணம்தான் கட்டுவார்கள், அதையும் புலமைப்பரிசில் மூடிவிடும். ஜப்பான் அரசின் புலமைப்பரிசிலுக்குத் தூதரகம் வழியாகக் கட்டணமில்லாமல் விண்ணப்பிக்கலாம், பிஎச்டிக்கு மாதம் 145,000 யென், விமானச் சீட்டும் அவர்களே தருவார்கள். சீட்டு முன்கூட்டியே வருகிறது என்பது எங்களைப் போன்ற வீடுகளுக்குத் தொகையைவிடப் பெரிய விஷயம்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுமாணிக்குத்தான் போடுவேன். புலமைப்பரிசில் கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில், இரண்டு மூன்று நாட்டில் படிப்பு. மண், நீர், உணவு, காடு என்று உங்கள் துறையில் பல பாடநெறிகள் உண்டு. முடித்தால் நெதர்லாந்து, ஜேர்மனி, நோர்வே போன்ற நாடுகளின் சம்பள இடங்களுக்கு நேரே தகுதி. இரண்டு வருடம் கூடப் போகும், உண்மைதான். ஆனால் அந்த இரண்டு வருடமும் நீங்கள் கடன்காரியாக இருக்க மாட்டீர்கள். இங்கேயே யாழ்ப்பாணத்தில் பதிந்து செய்வதையும் கழித்துவிடாதீர்கள், ஆய்வு நிதியில் சம்பளமுள்ள ஆய்வு உதவியாளர் இடம் கிடைத்தால் மட்டும். சம்பளம் இல்லாத பதிவை எந்த நாட்டிலும் ஏற்க வேண்டாம்.

அமெரிக்காவுக்குப் போடுவதானால், விண்ணப்பம் அனுப்ப முன்பே அந்தத் துறையின் பட்டப்பின்படிப்பு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கட்டண விலக்குக் கேளுங்கள். கேட்பவருக்குப் பல இடத்தில் கிடைக்கும், கேட்காதவருக்கு யாரும் தர மாட்டார்கள். பேராசிரியரோடு பேச்சு முற்றி 'உங்களை எடுக்க விரும்புகிறேன்' என்ற கட்டம் வந்ததும் கூச்சப்படாமல் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள். கட்டணமும் காப்புறுதியும் போக மாதம் என் கைக்கு எவ்வளவு வரும்? அது எத்தனை மாதத்துக்கு உறுதி? விசா, சுகாதார வரி, விமானச் சீட்டு ஆகியவற்றை யார், எப்போது கட்டுவது? மூன்றாவதற்கு 'பிறகு திருப்பித் தருவோம்' என்று பதில் வந்தால், "முற்பணமாகவோ நேரடியாகவோ கட்ட முடியுமா, என் குடும்பத்தால் முன்கூட்டிப் போட முடியாது" என்று அப்படியே எழுதுங்கள். எங்கள் துறையில் ஒருவருக்கு விமானச் சீட்டைக் குழுவின் கணக்கிலிருந்தே நேரடியாக எடுத்துக் கொடுத்தோம். அந்தப் பிள்ளை கேட்கும்வரை அப்படிச் செய்யலாம் என்று எங்களில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. கடைசியாக, அதே பேராசிரியரின் பழைய மாணவர் இருவரைத் தேடிப் பிடித்து, சம்பளம் ஒழுங்காக வருகிறதா, நாலாவது வருடம் என்ன நடந்தது என்று கேளுங்கள். முதல் மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் பத்து நாள் விட்டு இன்னொன்று போடலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது.

இப்போது கையில் இருக்கும் அந்தப் பிரித்தானிய இடத்தை என்ன செய்வது? உடனே மறுத்து எழுதிவிடாதீர்கள். உங்களை ஏற்ற பேராசிரியருக்கு நேரடியாக எழுதி, சொந்தப் பணத்தில் வர இயலாது, கட்டணத்தையும் உதவித்தொகையையும் தரும் நிதி ஏதும் இருக்கிறதா, இல்லாவிட்டால் அடுத்த நிதிச் சுற்றில் என் பெயரைப் போட முடியுமா என்று கேளுங்கள். அந்தச் சுற்றுகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் மூடும், ஆகவே ஒக்டோபருக்குள் எழுதிவிடுங்கள். ஏஜென்சிக்காரருக்கு முற்பணம் ஏதும் கட்டியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். மூலச் சான்றிதழ்களை அவரிடம் கொடுத்திருந்தால் இந்தக் கிழமையே போய்த் திருப்பி வாங்கிவிடுங்கள்.